வீட்டில் ஓப்பன்-பேக் ஹெட்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி பாட்டுப் பதிவு செய்பவர்கள், மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன்செய்வது) பழகுபவர்கள், கச்சேரிப் பதிவுகளைக் கவனமாக உட்கார்ந்து கேட்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைச் சேர்க்கவில்லை.

ஓப்பன்-பேக் என்றால் என்ன? சாதாரண ஹெட்போனிலிருந்து எதில் வேறுபடுகிறது?

ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவரில் ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்க ஒலி காதுக்குள் போகிறது. பின்பக்கமும் அதே அளவு ஒலி எழும். க்ளோஸ்டு-பேக் ஹெட்போனில் பின்புறம் மூடியிருப்பதால் அந்த ஒலி உள்ளேயே மோதித் திரும்பி, சவ்வைத் தாண்டி மறுபடி காதுக்கு வந்து சேரும். ஒரு மூடிய சின்னப் பெட்டிக்குள் பாடுவது போன்ற சாயல் அதனால்தான் வருகிறது. நல்ல க்ளோஸ்டு-பேக்கில் இதைப் பஞ்சு வைத்தும் வடிவமைப்பாலும் பெருமளவு கட்டுப்படுத்துவார்கள், ஆனால் முழுதாக ஒழிப்பது கடினம்.

ஓப்பன்-பேக்கில் பின்புறம் வெறும் கம்பி வலையோ துளையிட்ட தகடோதான். பின்பக்க ஒலி தடையில்லாமல் வெளியே போய்விடும். வித்தியாசத்தைக் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம்: பாட்டை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் வெளிப்புற வலையை மூடுங்கள். குரல் அடைத்துக்கொண்டு ஒலிக்கும். கையை எடுத்ததும் திறந்துகொள்ளும்.

இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது, 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட ஹெச்டி 414. மஞ்சள் நிற ஸ்பாஞ்சு வைத்த, எடை குறைந்த ஹெட்போன் அது.

என் வீட்டுக்கு இது சரிப்படுமா?

மாடல், ஓம், ஆம்ப் (ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கருவி) எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலரும் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் அறையின் அமைதி. அடுத்தது தலையில் உட்காரும் சௌகரியம். ஒலித்தரம் மூன்றாவதாகத்தான் வரும், ஏனென்றால் பெயர்பெற்ற ஓப்பன்-பேக் எதை எடுத்தாலும் ஒலித்தரம் ஓரளவு உறுதி.

இந்த ஹெட்போன் வெளிச் சத்தத்தை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. நம் வீடுகளில் பெரிய எதிரி, தலைக்கு மேலே ஓடும் சீலிங் ஃபேன். ஃபேன் சத்தம் நமக்குப் பழகிப்போனதால் அது ஒரு சத்தம் என்றே தோன்றுவதில்லை. ஒன்று செய்து பாருங்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவைக் கேளுங்கள். மீட்டியதும் எழும் தெளிவான சுரம் காதில் விழும். அது மெல்லத் தேய்ந்து, மேலே மேலே சன்னமான இழைகளாகப் பிரியும் கடைசிப் பகுதி ஃபேன் காற்றில் கரைந்துவிடும். இப்போது ஃபேனை நிறுத்துங்கள். அடுத்த மீட்டல் வரும்வரை அந்த இழைகள் அறுபடாமல் நிற்கும். நீங்கள் கூடுதல் பணம் கொடுப்பது இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான். ஃபேன் ஓடும்போது அது கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால், பாட்டின் உரத்த இடங்கள் காதைத் தாக்கும்.

சாலையோர வீடு, கீழே பட்டறை, கூடத்தில் எப்போதும் டிவி என்றால் நல்ல க்ளோஸ்டு-பேக் ஒன்று வாங்குவதே மேல். இரவு பத்து மணிக்கு மேலோ விடியற்காலையிலோ ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும் என்றால் ஓப்பன்-பேக் தாராளமாக வாங்கலாம். ஏசி இருந்தால் அதன் குறைந்த வேக ஓட்டம் ஃபேனைவிடப் பரவாயில்லை. மேசை ஃபேனைச் சற்றுத் தள்ளி, குறைந்த வேகத்தில், காற்று நேராக ஹெட்போன் வலையில் படாத மாதிரி வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?

இருக்கும். ஒரே அறையில் யாராவது தூங்கினாலோ படித்தாலோ, நீங்கள் என்ன பாட்டுக் கேட்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில் இருந்தால் பிரச்சினை இல்லை. அலுவலகத்துக்கும் பேருந்துக்கும் ரயிலுக்கும் இதை எடுத்துப்போக வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாசல் மணி, குழந்தை அழுகை, அடுப்படியில் குக்கர் விசில் எல்லாம் உங்களுக்குக் கேட்கும். வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு வேலை செய்பவர்கள் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே ஓப்பன்-பேக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன்.

பாடிப் பதிவு செய்யும்போது போட்டுக்கொள்ளலாமா?

பதிவுக்கு வேண்டாம். ஹெட்போனிலிருந்து வெளியேறும் ஒலி ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக்கில் போய் விழும். சுருதி கசிந்தால் பின்னணியில் அதே சுருதி இருக்கப் போவதால் ஓரளவு மறையும். தாளக் கணக்குக்காக ஓடவிடும் மெட்ரோனோமின் 'டிக் டிக்' கசிந்தால் அதை மென்பொருளால் சுத்தமாக எடுப்பது மிகக் கடினம். ராகத்தை நிறுத்திப் பாடும் மெல்லிய இடங்களில் அது முள்ளாகக் குத்தும். குரல் பதிவுக்கு சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஹெச்-எம்50எக்ஸ் மாதிரியான க்ளோஸ்டு-பேக்தான் சரி.

ஆனால் சாதகத்துக்கு ஓப்பன்-பேக் அருமை. மூடிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பாடினால் உங்கள் குரல் எலும்பு வழியாகத் தலைக்குள்ளேயே முழங்கும். வெளியே குரல் எப்படிப் போகிறது என்று தெரியாமல் சுருதி நழுவும். ஸ்டூடியோவில் பாடகர்கள் ஒரு பக்கக் காதை விலக்கி வைத்துக்கொண்டு பாடுவது இதற்காகத்தான். ஓப்பன்-பேக்கில் உங்கள் குரல் இயல்பாகவே காதுக்கு வரும், அதோடு சுருதியும் சேர்ந்து ஒலிக்கும். ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கும் இது உதவும். வால்யூமை மட்டும் அடக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் மாணவர் பாடுவது உங்கள் மைக்கில் ஏறி அவருக்கே எதிரொலியாகத் திரும்பும்.

ஓம் என்பது என்ன? தனியாக ஆம்ப் வாங்கியே தீர வேண்டுமா?

ஓம் என்பது ஹெட்போனின் மின்தடுப்பை (இம்பீடன்ஸ்) அளக்கும் அலகு. அதிகமானால் அதே சத்தத்துக்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும், குறைந்தால் கரண்ட் அதிகம் வேண்டும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் மாடலை எடுத்துக்கொள்வோம். அதற்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல் சத்தம் வரும் என்கிறது நிறுவனம். ஹெட்போனை இணைப்பதற்காகப் போனில் செருகும் ஒரு நல்ல யூஎஸ்பி டாங்கிள் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 ஓமில் 1 வோல்ட் என்பது 4 மில்லிவாட். மில்லிவாட் இரட்டிப்பாகும்போதெல்லாம் 3 டெசிபல் கூடும். ஆக, உச்சபட்சம் 102 டெசிபல்.

இது போதுமா என்பது நீங்கள் கேட்பதைப் பொறுத்தது. இன்றைய திரைப்பாடல்களை மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில், உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் வித்தியாசம் குறையும்படி இறுக்குகிறார்கள். சராசரி ஒலி, உச்சத்துக்குப் பத்து டெசிபல் கீழேதான் இருக்கும் என்று வைத்தாலும் 92 வருகிறது. அது வேண்டியதைவிட அதிகம். ஏற்ற இறக்கத்தைக் கெடுக்காமல் வைத்திருக்கும் கச்சேரிப் பதிவில் சராசரி இருபது டெசிபல் கீழே போகலாம். அப்போது 82. கேட்கப் போதும், ஆனால் கைவசம் மிச்சம் இல்லை. மாஸ்டரிங் செய்யாத உங்கள் சொந்த டிராக் இன்னும் பத்து டெசிபல் கீழே இருக்கும், அங்கேதான் "சத்தமே வரவில்லை" என்று ஆம்ப் தேட ஆரம்பிப்பீர்கள். வெறுமனே பாட்டுக் கேட்பவர்களுக்கு ஆம்ப் பெரும்பாலும் தேவைப்படாது, மிக்ஸிங் செய்பவர்களுக்கு 250, 300 ஓம் ஹெட்போனோடு தேவைப்படலாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஏற்கெனவே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருந்தால் முதலில் அதிலேயே செருகிப் பாருங்கள். முக்கால் வால்யூமில் போதுமான சத்தம் வந்தால் ஆம்ப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்த மின்தடுப்பு, இதையும் ஓமில்தான் சொல்வார்கள்), ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். மீறினால் சில ஹெட்போன்களில் பேஸ் (தாழ்ந்த அலைவரிசை ஒலி) கொழகொழவென்று ஆகும்.

ஸ்டூடியோ ஹெட்போன்கள் பலவற்றில் 6.35 மில்லிமீட்டர் பெரிய பின் இருக்கும், அல்லது அதற்கான அடாப்டர் கூடவே வரும். கனமான உலோக அடாப்டரைப் போட்டு லேப்டாப்பில் நீட்டிக்கொண்டு இருக்கும்படி செருகாதீர்கள். கேபிளை யாராவது இடறினால் போர்ட் உடையும். சின்ன வயருடன் வரும் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாடலை வாங்குவது?

குரலும் வயலினும் வீணையும் உங்கள் உலகம் என்றால் சென்ஹைசர் ஹெச்டி 600. 1997இலிருந்து விற்பனையில் இருக்கிறது, 300 ஓம். நடு அலைவரிசைகளில் இது தரும் இயல்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பாடகர் மூச்சு இழுப்பது, வில் திரும்பும்போது தந்தியில் எழும் உரசல் எல்லாம் மிகைப்படாமல் அதனதன் இடத்தில் இருக்கும். காது மெத்தை, ஸ்பாஞ்சு, கேபிள் எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றலாம் என்பதால் நீண்ட காலம் உழைக்கும். புதிதில் இறுக்கிப் பிடிக்கும். ஹெச்டி 650 இதன் தம்பி, 2003இல் வந்தது, கொஞ்சம் கதகதப்பான குரல்.

அதே நிறுவனத்தின் ஹெச்டி 560எஸ், 120 ஓம். டாங்கிளிலேயே நன்றாக ஓடும், பேஸும் ஹெச்டி 600ஐவிடக் கீழே இறங்கும். முதல் ஓப்பன்-பேக் வாங்குகிறவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இது.

டிடி 990 ப்ரோ மெத்தென்று உட்காரும், ஒலி பளபளவென்று இருக்கும். ஆனால் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் கூர்மை அதிகம். பாட்டில் வரும் 'ஸ', 'ஷ' எல்லாம் சீறும். இதை வைத்து மிக்ஸிங் செய்தால், சீறுகிறதே என்று மேல் அலைவரிசையை நீங்கள் குறைப்பீர்கள், மற்றவர்கள் கேட்கும்போது பாட்டு மங்கிப் போயிருக்கும். ப்ரோ மாடலில் கேபிளைக் கழற்ற முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஏகேஜி கே702 விசாலமான மேடையைக் காட்டும், பேஸ் மெலிவு. ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ பிளேனர் வகை, அதாவது தட்டையான சவ்வு முழுவதும் ஒரே சீராக அதிரும் அமைப்பு. பேஸ் நேர்கோடாகக் கீழே வரை போகும், ஆனால் 390 கிராம் அளவுக்குக் கனம். பட்ஜெட் சிறிது என்றால் பிலிப்ஸ் எஸ்ஹெச்பி9500 இன்றும் நல்ல தேர்வு. 32 ஓம், போனிலேயே ஓடும்.

ஏகேஜி கே240 ஸ்டூடியோ போன்றவை செமி-ஓப்பன், அதாவது பின்புறம் ஓரளவு மட்டும் திறந்தவை. அவையும் கசியும், அதனால் பதிவு விஷயத்தில் ஓப்பன்-பேக் போலவே நடத்துங்கள்.

பேஸ் குறைவாக இருக்கிறதே, பழுதா?

பழுது இல்லை. காற்று தப்பிக்க வழி இருப்பதால், டைனமிக் டிரைவர் (கம்பிச்சுருள் வைத்த வழக்கமான டிரைவர்) உள்ள ஓப்பன்-பேக்குகளில் ஆழ்ந்த பேஸ் படிப்படியாகக் குறையும். மிருதங்கத்தின் தொப்பியில் (இடது முகத்தில்) எழும் கும்கியின் வளைவு தெளிவாகக் கேட்கும், ஆனால் நேரில் கேட்கும்போது வயிற்றில் உணரும் அந்த அழுத்தம் வராது. தவிலுக்கும் அப்படியே.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு லோ-ஷெல்ஃப் (ஒரு எல்லைக்குக் கீழுள்ள ஒலியை மொத்தமாக ஏற்றி இறக்கும் வடிகட்டி) போட்டு மூன்று, நான்கு டெசிபல் ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு ப்ரீஆம்ப் என்ற மொத்த ஒலியளவு அமைப்பில் குறைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி கிழியும். பத்து டெசிபல் ஏற்றி சப்வூஃபராக மாற்ற நினைத்தால் சவ்வு தட்டத் தொடங்கும்.

மிக்ஸிங் முழுவதையும் ஹெட்போனிலேயே முடிக்கலாமா?

முடிக்கலாம், சரிபார்த்தல் கூடுதலாக வேண்டும். நம் வீட்டு அறைகள் பெரும்பாலும் வெறுஞ்சுவரும் டைல்ஸ் தரையுமாக இருப்பவை. அங்கே ஸ்பீக்கர் வைத்தால் அறையின் எதிரொலியைத்தான் பாதி கேட்போம். அந்த அறையில் சுமாரான ஸ்பீக்கரைவிட நல்ல ஓப்பன்-பேக் நம்பகமானது.

ஹெட்போனில் இடது சானல் இடது காதுக்கு மட்டுமே போகிறது. ஸ்பீக்கரில் இரண்டு காதுக்கும் இரண்டு சானலும் கலந்து வரும். அதனால் வயலினை முழு இடதுக்கும் மிருதங்கத்தை முழு வலதுக்கும் தள்ளினால் ஹெட்போனில் தலையைப் பிளப்பது போலவும், ஸ்பீக்கரில் சாதாரணமாகவும் இருக்கும். ரிவர்பும் (பதிவில் சேர்க்கும் எதிரொலி) ஹெட்போனில் துலக்கமாகக் கேட்பதால், போதும் என்று நீங்கள் நிறுத்தும் அளவு ஸ்பீக்கரில் வறண்டு ஒலிக்கக்கூடும். பேஸை எடைபோடுவதுதான் மிகக் கடினம். உங்கள் பாட்டோடு, அதே வகையைச் சேர்ந்த, நன்றாகப் பதிவான ஒரு பாட்டைச் சம ஒலியளவில் வைத்து மாறி மாறிக் கேளுங்கள். அப்புறம் போன் ஸ்பீக்கரிலும் காரிலும் ஒருமுறை. போனில் மிருதங்கம் காணாமல் போனால் அதன் மேல் அலைவரிசைகளுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் கேட்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். மேலே பார்த்த 92 டெசிபல் திரைப்பாடலை எடுத்துக்கொண்டால் 12 டெசிபல் அதிகம். நான்கு முறை பாதியாக்கினால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். குழந்தைகளுக்கு அடிப்படை அளவே 75 டெசிபல்.

ஓப்பன்-பேக்கில் காதுக்குள் அடைத்த உணர்வு இல்லாததால், சத்தம் ஏறியிருப்பது சீக்கிரம் உறைக்காது. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. பாட்டு ஓடும்போது கை எட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் குறையுங்கள். கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால் அன்றைக்குப் போதும். அடிக்கடி அப்படி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கண்ணாடி போடுகிறேன், வியர்வையும் அதிகம். சமாளிக்க முடியுமா?

க்ளோஸ்டு-பேக்கில் கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கினால் பேஸ் கணிசமாக ஓடிவிடும். ஓப்பன்-பேக்கில் அந்த இழப்பு குறைவு. வலி வருவது இறுக்கத்தால். டிடி 990இன் மென்மையான மெத்தை கண்ணாடிக்காரர்களுக்கு ஒத்துவரும். இறுக்கமானதை, தலை அகலமுள்ள ஒரு அட்டைப் பெட்டியில் இரவு முழுக்க மாட்டி வைத்தால் கொஞ்சம் இளகும்.

வெயில் காலத்தில் காற்றோட்டம் இருப்பதால் மற்றவற்றைவிட இது தேவலை, வேர்க்கவே வேர்க்காது என்று இல்லை. வெல்வெட் மெத்தை ரெக்சினைவிடச் சுகம்.

எப்படிப் பராமரிப்பது?

தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு போடாதீர்கள். வெல்வெட் மெத்தை எண்ணெயை உறிஞ்சிப் பிசுபிசுத்து, கடினமாகி, அமுங்கிவிடும். மெத்தை அமுங்கினால் டிரைவர் காதுக்கு நெருங்கி ஒலியே மாறும். பல நாள் பழகிய ஹெட்போன் முன்புபோல இல்லை என்று தோன்றினால் முதலில் மெத்தையை மாற்றிப் பாருங்கள். கழற்றக்கூடிய வெல்வெட் மெத்தையை மிதமான சோப்பு நீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டலாம்.

திடீரென்று ஒரு பக்கம் மட்டும் 'கர்ர்' என்றால் டிரைவர் போய்விட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் ஒரு தலைமுடி சவ்வைத் தொட்டுக்கொண்டு இருக்கும். மெத்தையைக் கழற்றி, ஸ்பாஞ்சுத் தட்டை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்து இடுக்கியால் முடியை மட்டும் எடுங்கள். ஊதவோ ஏர் ப்ளோயர் அடிக்கவோ கூடாது, சவ்வு மடங்கிவிடும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

ஐம்பது மணி நேரம் ஓடவிட்டால்தான் நல்ல ஒலி வரும் என்கிறார்களே?

மெத்தை இளகும், உங்கள் காதும் பழகும். பெரிய மாற்றம் இவை இரண்டாலும்தான். முதல் நாளிலேயே பிடிக்காததை, மாறிவிடும் என்று நம்பி, திருப்பித் தரும் கெடு தாண்டும்வரை வைத்திருக்காதீர்கள்.

ப்ளூடூத்தில் கிடைக்காதா?

ஸ்டூடியோ வேலைக்கு வயர்தான். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வந்து சேர்வதால் வாசிப்பதற்கும் திருத்துவதற்கும் ஒத்துவராது.

பழையது வாங்கலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெச்டி 600 மாதிரி உதிரிபாகம் கிடைக்கும் மாடல் என்றால் தைரியமாக வாங்கலாம். நேரில் போய், உங்கள் போனில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை மிதமான வால்யூமில் ஓடவிடுங்கள். எந்த இடத்திலும் அதிர்ந்து 'பர்ர்' என்று வரக் கூடாது. இரண்டு காதிலும் ஒரே மாதிரி வரும் மோனோ குரல் ஒன்றைப் போட்டால் அது நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு ஹெட்போனில். கேபிள் சேரும் இடங்களை மெல்ல அசைத்து, ஒலி விட்டு விட்டு வருகிறதா என்று கவனியுங்கள்.

புதிதாக வாங்கும்போது சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அது போலியாகவோ இந்திய வாரண்டி இல்லாத சரக்காகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.